சொந்த வீட்டில் ஆப்சென்ட்

தொழிற்சாலை வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படியே கூப்பிட்டாள். இருபத்தேழு வருடமாக அதே கூண்டு, அதே ஸ்டூல். முதலாளியின் மச்சான் ஏழு நிமிடம் பிந்தி வந்தபோது ஏழு நிமிடம் என்றே எழுதினார். அதற்காக மூன்று மாதம் குடோனுக்குத் தூக்கியடித்தார்கள். திரும்பி வந்த முதல் நாளே அதே மச்சானுக்கு ஒன்பது நிமிடம் எழுதினார். தன்னையும் விட்டு வைத்தவரல்ல. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு நாள் தன் பெயருக்கு நேராக, 'தாமதம்: நாற்பது நிமிடம். காரணம்: மகள் பிறந்தாள்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

அந்த மகள் பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு உருண்டை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவள் இதயத்தின் உள்ளே சுவர் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் சுவர் இல்லை என்றார்கள் டாக்டர்கள். இரண்டு முறை திறந்து, இரண்டு முறை தைத்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் ஒரு தாளில் 'படி ஏறக் கூடாது' என்று எழுதிக் கொடுத்து, இதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதுபோலப் பேனாவை மூடினார்.

பட்டாணி ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு மூன்றாவது மாடி. டைம்கீப்பர் போய் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். அறுபத்தாறு படி.

"வகுப்பைக் கொஞ்சம் கீழே இறக்க முடியுமா மேடம்?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

"ஆறாம் வகுப்புன்னா மூணாவது மாடிதான். இந்தக் கட்டடம் கட்டின நாள்லேருந்து அப்படித்தான்."

"கீழே ரெண்டு அறை இருக்கே மேடம்."

"ஒண்ணு என் அறை. இன்னொண்ணுல ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்ச கோப்பையெல்லாம் இருக்கு. அதையெல்லாம் மூணு மாடி தூக்கிட்டுப் போனா உடைஞ்சு போயிடாதா?"

உடையக்கூடிய பொருள்களின்மேல் அந்த அம்மாளுக்கு இருந்த அக்கறையை நினைத்துக்கொண்டே அவர் வீடு வந்து சேர்ந்தார்.

வழி கண்டுபிடித்தது மனைவிதான். பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அளவு கொடுக்க வந்த யாரோ, வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளே கல்வி அலுவலகத்துக்குப் போய் விதிமுறைகளை வாங்கி வந்துவிட்டாள். பதினோரு பக்கம். தையல் இயந்திரத்தின்மேல் விரித்து வைத்துக்கொண்டு, காலரை முடித்துவிட்டு ஒரு பத்தி, பொத்தான் துளையை முடித்துவிட்டு ஒரு பத்தி என்று படித்தாள். பெற்றோரில் ஒருவராவது பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அவள் முடித்திருந்தாள். டாக்டர் சான்றிதழ் வேண்டும். அது வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. தினம் நான்கு மணி நேரம் பாடம். வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும்படி ஒரு மேஜை. ஒன்பதாம் பக்கத்தில், இவற்றையெல்லாம்விடப் பொடி எழுத்தில், மாணவர் ஆண்டுக்கு நூற்று அறுபது நாளாவது வருகை தந்திருக்க வேண்டும், தவறினால் அனுமதி ரத்தாகும், பதினைந்து நாளுக்குள் பழைய பள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

"வருகைப் பதிவேடு நாமளே வெச்சுக்கணுமாம்," என்றாள்.

டைம்கீப்பரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் அவருக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு விட்டதும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, முகம் கழுவி, மூன்று மணிக்கு டம்ளரில் கரண்டியால் ஐந்து தட்டுத் தட்டுவார். பள்ளிக்கூடம் ஆரம்பம். மேஜையில் புதுப் பதிவேடு. வந்தால் ஒரு சாய்கோடு, வராவிட்டால் ஒரு சுழி. மாணவர் பட்டியலில் ஒரே ஒரு பெயர். ஆனாலும் எழுந்து நின்று பெயரைக் கூப்பிடுவார். "ஆஜர் சார்!" என்பாள் பட்டாணி, இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு. மூன்றிலிருந்து ஏழு வரை அவர் அப்பா இல்லை, சார். 'நீ' இல்லை, 'நீங்க'. இது பட்டாணியே போட்ட சட்டம். ஏழு மணிக்கு மறுபடி டம்ளர் ஒலித்ததும், "அப்பா, நீ பின்னக் கணக்கைத் தப்பா போட்டே, சார்னு பாத்து விட்டுட்டேன்," என்பாள்.

மூச்சு வாங்கும் நாள்களும் வந்தன. முதல் முறை அப்படி நடந்தபோது, கட்டிலில் படுத்தபடியே, "அப்பா, இன்னிக்கு முடியலை," என்றாள்.

"மணி மூணு ஆயிடுச்சு. அப்பா கிடையாது. முடியலைன்னா லீவு லெட்டர் குடு."

"அடப்பாவி மனுஷா, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, இவருக்கு லெட்டர் வேணுமாம்!" என்று மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

ஆனால் பட்டாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணைமேல் நோட்டை வைத்து எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு மூச்சு வாங்குவதால் இன்று வகுப்புக்கு வர இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி.' கட்டிலுக்கும் மேஜைக்கும் ஆறு அடி தூரம். அம்மாதான் தபால்காரி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படிப்பார், 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதுவார், சுழி போடுவார். பிறகு டம்ளரைத் தட்டிப் பள்ளிக்கூடத்தைக் கலைப்பார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவாகக் கட்டிலில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பார்.

சுழி போடுவதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. இருபத்தேழு வருட அனுபவத்தில் அவருக்குத் தெரிந்தது இதுதான்: சுழி விழுந்தவர் நாளைக்கு வருவார். வராமலே போகிறவர் பெயரைத்தான் அடித்துவிடுவார்கள்.

ஆண்டு முடிவில், ஒரு சனிக்கிழமை, புதுப்பிப்பு மனுவையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனார். வீட்டுக்கல்விப் பிரிவு என்று பலகை மாட்டியிருந்த இடத்தில் ஒரு மேஜை, ஓர் அலமாரி, இருக்கையில் தலையணை கட்டிய நாற்காலி, அதில் எழுத்தர். பக்கத்து மேஜைக்காரர்கள் அவரையே "பிரிவு" என்று கூப்பிட்டார்கள். பிரிவு, பதிவேட்டைப் புரட்டினார். பாராட்டுவார் என்று டைம்கீப்பர் காத்திருந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு அது.

"உடம்பு சரியில்லைன்னுதானே பிள்ளையை வீட்டுல வெச்சிருக்கீங்க?"

"ஆமா சார்."

"உடம்பு சரியில்லாத பிள்ளை வீட்டுல இருந்ததுக்கு வீட்டுலயே ஆப்சென்ட் போட்டிருக்கீங்களா?"

"வகுப்புக்கு வரலை சார். லெட்டர் இருக்கு. எண்பத்து மூணு லெட்டர்."

பிரிவு கண்ணாடியைக் கழற்றி அவரை வெறும் கண்ணால் பார்த்தார். "நூத்துத் தொண்ணூத்தெட்டு நாள்ல எண்பத்து மூணு போச்சுன்னா நூத்துப் பதினஞ்சு. வேண்டியது நூத்து அறுபது. இருபது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். நோட்டு முழுக்கப் பொய் எழுதிட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். உண்மையை எழுதித் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"சட்டத்துல உண்மையான பதிவேடுன்னுதான்..."

"சட்டத்துல நூத்து அறுபதுன்னும் இருக்கு." பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் ஐயா உங்க வீட்டுக்கு வர்றாரு. இதை நான் பாக்கலை. நீங்க கொண்டுவரலை. போய் நல்ல பிள்ளையா ஒரு பதிவேட்டை எழுதி வைங்க."

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. கையில் இருந்த சட்டையின் கழுத்தை வெறித்துப் பார்த்தபடி, "அறுபத்தாறு படி," என்றாள். "உங்க சுழி ஒவ்வொண்ணும் ஒரு படி. எண்ணி எண்ணி நீங்களே கட்டியிருக்கீங்க, டைம்கீப்பர்."

கடைக்குப் போய்ப் புதுப் பதிவேடு வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் உட்கார்ந்து, ஒரே பேனாவால், ஒரே மூச்சில் சாய்கோடுகளாக இழுத்துத் தள்ளினாள். டைம்கீப்பர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். நான்காம் பக்கத்தில் அவரால் முடியவில்லை.

"இது அங்க போய்ச் சேர்றதுக்குள்ளயே மாட்டிக்கும்," என்றார்.

"ஏன்?"

"ஒரே மை. ஒரே அழுத்தம். ஒரு வருஷத்து நோட்டுல ஒரு கறை கிடையாது. என் வாசல்ல எத்தனை பேரு இப்படி எழுதிக் கொண்டுவந்து நின்னிருக்கான் தெரியுமா? மூணாவது வரிக்குள்ள கண்டுபிடிச்சிடுவேன்."

"அப்ப நீங்களே எழுதுங்க."

பிறகு அவர் எழுந்து கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அவளை இன்னொரு பதிவேடு வாங்கி வரச் சொன்னார். மூன்று பேனா எடுத்தார். ஒன்றில் மை தீரும் நிலை. மழை மாதங்களுக்கு விரலை ஈரமாக்கி ஓரத்தை நமுக்கவிட்டார். ஒரு பக்கத்தில் தேநீர் டம்ளரை வைத்து வட்டம் எடுத்தார். திங்கள்கிழமைக் கோடு நிமிர்ந்தும் வெள்ளிக்கிழமைக் கோடு களைத்தும் இருந்தது. இருபத்தேழு வருடமாக மற்றவர்களிடம் கண்டுபிடித்த ஒவ்வொரு ஏமாற்றும் அவர் விரலுக்கு வந்தது. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததில் அவருக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை உணர்ந்ததும்தான் கண் கலங்கியது. மகள் பார்த்துவிடாதபடி பேனாவை உதறுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒன்பது நாளாவது ஆப்சென்ட் இருக்கணும்," என்றார் கட்டிலைப் பார்த்து. "இல்லாட்டி நம்ப மாட்டாங்க. எந்தெந்த நாள் வேணும், நீயே சொல்லு."

பட்டாணி யோசித்தாள். "உடம்பு சரியில்லாத நாளா இருக்கணுமா?"

"அதுதானே லீவு."

"அது எப்படி லீவு ஆகும்? லீவுன்னா விளையாடணும். நான் அதுமாதிரி ஒண்ணுகூட எடுக்கலையே." நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். "இந்த ஒன்பதுக்கும் நான் புதுசா லெட்டர் எழுதறேன்."

எழுதினாள். மரம் ஏறப் போவதால் வர இயலாது. ஆற்றில் குதிக்கப் போவதால் வர இயலாது. சித்தி மகளோடு ஓட்டப் பந்தயம் இருப்பதால் வர இயலாது. கோப்பை கிடைத்தால் தங்களிடம் காட்டப்படும். எட்டுக் கடிதங்களை அவர் கெஞ்சிக் கூத்தாடிக் காய்ச்சல், வயிற்றுவலி என்று மாற்றி எழுத வைத்தார். ஒன்பதாவதைக் கிழிக்கக் கை வரவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா, இன்று நான் அறுபத்தாறு படியையும் ஒரே ஓட்டமாக ஏறி, மொட்டை மாடியில் பட்டம் விட இருப்பதால் வகுப்புக்கு வர இயலாது. பட்டம் அறுந்தால் நாளையும் வர இயலாது.' இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மற்ற எட்டுக்கும் அடியில் வைத்துக் குத்தினார். வாசலில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர் அடியில் உள்ளதைத்தான் முதலில் உருவிப் பார்த்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். வரும்போதே ஓர் அளவு நாடாவை உருவிக்கொண்டு வந்தார். மேஜையின் உயரத்தை அளந்தார். சன்னலை அளந்தார். வெளிச்சம் இடது பக்கமிருந்து விழுகிறதா என்று பார்க்க, தானே மேஜைமுன் உட்கார்ந்து காற்றில் எழுதிப் பார்த்தார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளையை மட்டும் அளக்க நாடா இல்லாததாலோ என்னவோ, அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதிவேட்டைப் புரட்டினார். தேநீர் வட்டத்தைப் பார்த்துக் கண்டிப்புடன் உச்சுக்கொட்டினார். "பரவாயில்லை, ஒழுங்கா பராமரிச்சிருக்கீங்க," என்றார். டைம்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மேற்பார்வையாளர் கடிதக் கட்டை எடுத்து, அடியிலிருந்து ஒன்றை உருவினார்.

"இது என்ன? 'ஒரே ஓட்டமாக ஏறி'?"

மறு கையால் டாக்டர் சான்றிதழை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சர்ட்டிபிகேட். ஒரே ஓட்டமா ஏறினதா மாணவியோட கடிதம். ரெண்டுல எது நிஜம்?"

"பிள்ளை விளையாட்டா எழுதினதுங்க," என்றாள் மனைவி.

"வருகைப் பதிவேட்டுல விளையாட்டா? அப்ப மத்ததும் விளையாட்டுதானா?"

டைம்கீப்பர் வாயைத் திறந்தார். மற்றதும் விளையாட்டுதான் என்று சொல்லிவிடுவார்போல இருந்தது. இருபத்தேழு வருடப் பழக்கம், சட்டென்று போகாது. மனைவி அவர் காலை மிதித்தாள்.

"நான் ஏறலை சார்," என்றாள் பட்டாணி கட்டிலிலிருந்து. "ஏற முடிஞ்சா அன்னிக்கு லீவு எடுத்துப்பேன்னு எழுதினேன். முன்கூட்டியே அனுமதி வாங்கி வெச்சுக்கலாம்னு."

மேற்பார்வையாளருக்கு இதில் எந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று உடனே பிடிபடவில்லை. பிடிபடாததால் கோபம் வந்தது. "சரி, மாணவி மேஜைக்கு வந்து உட்காரட்டும். மேஜையில உட்கார்ந்து படிக்கிறதை நேர்ல பாத்ததா படிவத்துல ஒரு கட்டம் இருக்கு."

"ஒரு வாரமா படுக்கையில இருக்கா சார். அவ..." என்று ஆரம்பித்த மனைவி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிவேட்டில் அந்த வாரம் முழுக்கச் சாய்கோடு.

பட்டாணி எழுந்தாள். அம்மா பிடிக்க வந்த கையை விலக்கினாள். ஆறு அடி. தையல் இயந்திரம்வரை வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா நகரவில்லை; நகர்ந்தால் சான்றிதழ் பொய்யாகுமா பதிவேடு பொய்யாகுமா என்று அவருக்குக் குழம்பிவிட்டது. அவள் மறுபடி நடந்து, நாற்காலியில் விழுந்து, பேனாவை எடுத்தாள். உதடு மை தொட்டதுபோல நீலமாக இருந்தது.

"ஆஜர் சார்," என்றாள்.

அதற்குப் பிறகு மேற்பார்வையாளரின் கை வேகமாக ஓடியது. "போதும் போதும், படுக்க வைங்க," என்றார் தலை நிமிராமலே. படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. காலியாக விடுவது முறையல்ல என்பதால், 'மாணவி உற்சாகமாகக் காணப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிவேட்டையும் கடிதங்களையும் பைக்குள் திணித்துக்கொண்டு, நாடாவை மறந்துவிட்டுப் போனார்.

அனுமதி வந்தது. ஓராண்டுக்கு என்று முத்திரை குத்தியிருந்தது. பட்டாணிக்கு அதில் எழுபது நாள் போதுமாக இருந்தது.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில். மூன்று மணி ஆனபோதெல்லாம் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நாள் அவள் கையசைத்துக் கூப்பிட்டு, "அப்பா, இன்னிக்கு லெட்டர் எழுத முடியலை. நீயே எழுதிக்கோ," என்றாள். பள்ளிக்கூட நேரத்தில் அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் முறை. அவர் திருத்தவில்லை.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து டைம்கீப்பர் வீட்டுக்கல்விப் பிரிவுக்குப் போனார். பிரிவு அவரைப் பார்த்ததும் தலையணை கட்டிய நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். சேதி அங்கேயும் வந்திருந்தது.

"பைலை மூட வந்தீங்களா? அதுக்கு ஒரு மனு..."

"அந்தப் பதிவேடு வேணும் சார்."

"எது? அதுவா?" பிரிவு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "அது என்னன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையானது உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு சார்." டைம்கீப்பர் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அதுல பாதி நாள் அவ வரலை. இதுல தினமும் வந்திருக்கா."

பிரிவு அலமாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "ஏழு வருஷம் வெளியே குடுக்கக் கூடாது. விதி," என்றார் கடைசியில். சொன்ன பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, தன் நாற்காலியைக் காட்டினார். "பாக்கக் கூடாதுன்னு விதி கிடையாது. உக்காருங்க."

கடிதக் கட்டிலிருந்து ஒன்பதாவது தாளை மட்டும் அவரே உருவினார். மற்ற எட்டிலும் பக்க எண் போட்டிருந்தது; மேற்பார்வையாளர் அவசரத்தில் இதை விட்டிருந்தார். "எண் இல்லாத தாள் பைல்ல சேராது," என்று மடித்து டைம்கீப்பரின் சட்டைப் பையில் வைத்தார்.

டைம்கீப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு சாய்கோட்டின்மேலும் விரலை வைத்து, உதட்டுக்குள் பெயரைக் கூப்பிட்டு, கொஞ்சம் நின்று, அடுத்ததற்குப் போனார். பிரிவு சாப்பிடப் போய்விட்டு வந்தார். இன்னொரு தடவை தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தார். பக்கத்து மேஜைகளில் விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள்.

"மூடற நேரமாச்சு," என்றார் மெதுவாக. "முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு சார்," என்றார் டைம்கீப்பர் தலை நிமிராமல்.